'வாகன நிறுத்தம் இலவசம்': விலை யார் தலையில்?

புது தில்லி: "வாடிக்கையாளர்களுக்கு வாகன நிறுத்தம் இலவசம்" என்ற அறிவிப்புப் பலகை நாட்டின் பெருநகரங்களில் உள்ள வணிக வளாகங்களிலும் பெரிய கடைகளிலும் சாதாரணக் காட்சியாகிவிட்டது. பலகையின் அடியில் சிறிய எழுத்துகளில் நிபந்தனைகள் இருக்கும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் பொருள் வாங்கியிருக்க வேண்டும். ரசீதைக் காட்டி நுழைவுச் சீட்டில் முத்திரை பெற வேண்டும். இத்தனை மணி நேரத்துக்குள் வெளியேறிவிட வேண்டும். சீட்டைத் தொலைத்தால் அபராதம் செலுத்த வேண்டும். வாகனத்துக்கோ அதில் உள்ள பொருள்களுக்கோ நிர்வாகம் பொறுப்பேற்காது.

இத்தனை நிபந்தனைகளோடு வருவதை இலவசம் என்று அழைக்கலாமா என்பது 30, 40 ரூபாய் விவகாரமாகத் தோன்றலாம். ஆனால், இந்தக் கேள்வி மாநிலத் தலைமைச் செயலகம் ஒன்றையும், இரண்டு உயர் நீதிமன்றங்களையும், வேறொரு வடிவில் உச்ச நீதிமன்றத்தையும் எட்டியிருக்கிறது. கிடைத்துள்ள விடைகளும் ஒன்றுபோல் இல்லை. நகர்ப்புற நிலத்தை யார் பயன்படுத்துகிறார்கள், அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே இந்தச் சர்ச்சையின் அடியில் உள்ள விஷயம்.

தெலங்கானாவின் மூன்று படிகள்

நிபந்தனையுடன் கூடிய இலவசத்தை அரசாணையாகவே எழுதி வைத்த மாநிலம் தெலங்கானா. அம்மாநில நகராட்சி நிர்வாகத் துறை 2018 மார்ச் 20-ஆம் தேதி வெளியிட்ட அரசாணை எண் 63, வணிக வளாகங்களிலும் பல்திரை அரங்குகளிலும் வாகன நிறுத்தக் கட்டணத்தை மூன்று படிகளாகப் பிரித்தது.

முதல் 30 நிமிஷங்களுக்கு யாரிடமும் கட்டணம் வசூலிக்கக் கூடாது. 30 நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை, வளாகத்துக்குள் எதையேனும் வாங்கியதற்கான ரசீதைக் காட்டுபவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால், நிறுத்தக் கட்டணத்தைவிட அதிகமான தொகைக்கு ரசீதோ திரைப்பட நுழைவுச் சீட்டோ காட்டுபவருக்கு மட்டுமே விலக்கு. மற்றவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும்.

ஹைதராபாதில் வளாகங்கள் தம் விருப்பம்போல் வசூலித்து வந்த நிலையில், இந்த ஆணை மக்களுக்கு ஆறுதல் அளித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், மூன்றாவது படியைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நிறுத்தக் கட்டணம் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துணி பார்க்க வந்தவர், பிடித்தது எதுவும் கிடைக்காமல் ஒன்றரை மணி நேரம் கழித்து வெறுங்கையுடன் திரும்பினால் 40 ரூபாயைக் கொடுத்தாக வேண்டும். அதைத் தவிர்க்க 60 ரூபாய்க்கு ஒரு குளிர்பானம் வாங்கினால் வாகன நிறுத்தம் 'இலவசம்'. தேவையில்லாத பொருளுக்கு 60 ரூபாய் கொடுத்தவர் 40 ரூபாயை மிச்சப்படுத்தியதாக எண்ணிக்கொண்டு வெளியேறுகிறார். அவருக்குக் கிடைத்தது சலுகை என்று வேண்டுமானால் சொல்லலாம். இலவசம் என்று சொல்வதற்கில்லை.

2021 ஜூலையில் அதே அரசு, தனித்து இயங்கும் ஒற்றைத் திரை அரங்குகள் கட்டணம் வசூலிக்க அனுமதி அளித்தது. வாகன நிறுத்தத்துக்கான செலவை எங்காவது ஈடுகட்டியாக வேண்டும் என்பதை அந்த விலக்கே ஒப்புக்கொள்கிறது.

நீதிமன்றங்களின் இரு பாதைகள்

குஜராத்தில் 2018-ஆம் ஆண்டு வாகன நிறுத்தக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று போக்குவரத்துக் காவல் துறை அனுப்பிய நோட்டீஸ்களை எதிர்த்து வணிக வளாக உரிமையாளர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். தனி நீதிபதி இடைப்பட்ட வழி ஒன்றைக் கண்டார். முதல் ஒரு மணி நேரம் இலவசம். அதன் பிறகு வரம்புக்கு உள்பட்ட கட்டணம் வசூலிக்கலாம் என்றார்.

மேல்முறையீட்டில் 2019 ஜூலையில் டிவிஷன் அமர்வு அதையும் ஏற்கவில்லை. கட்டட அனுமதி பெறும்போதே நகரமைப்புச் சட்டமும் கட்டுமான விதிகளும் வாகன நிறுத்துமிடத்தைக் கட்டாயமாக்குகின்றன. அந்தக் கடமையை நிறைவேற்றுவதற்குப் பொதுமக்களிடம் பணம் வசூலிக்க வளாகங்களுக்கு உரிமை இல்லை என்பது அமர்வின் முடிவு.

கேரளத்தில் வழக்கு வேறு திசையில் சென்றது. கொச்சி லுலு வணிக வளாகத்தின் கட்டண வசூலை எதிர்த்த வழக்கில், வளாகத்துக்கு அந்த உரிமை இல்லை என்றே முதல் பார்வையில் தோன்றுவதாக 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி கருத்துத் தெரிவித்தார். வளாகம் தன் சொந்தப் பொறுப்பில் வசூலைத் தொடரலாம் என்றும் கூறினார். ஆனால், வழக்கின் முடிவு வளாகத்துக்குச் சாதகமாக அமைந்தது. உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற்று நிறுத்துமிடத்தை நடத்தும் உரிமையாளர், கட்டணம் வசூலிப்பதா இல்லையா என்பதைத் தாமே முடிவு செய்யலாம் என்ற நிலைப்பாட்டை 2025-இல் டிவிஷன் அமர்வும் உறுதி செய்தது.

ஒரே நாட்டில், ஒரே வகைக் கட்டடத்தில், ஒரே தேவைக்காக வாகனத்தை நிறுத்துபவர் ஆமதாபாதில் ஒரு சட்ட நிலையையும் கொச்சியில் வேறொரு சட்ட நிலையையும் ஹைதராபாதில் மூன்றாவது நிலையையும் சந்திக்கிறார். கட்டட விதிகள் மாநிலங்களின் அதிகார வரம்பில் இருப்பதால் இந்த வேறுபாடு இயல்பே. ஆனால், கட்டணம் வசூலிக்கலாமா என்ற கேள்வியில் நின்றுவிட்ட இந்த வழக்குகள், வசூலிக்காதபோது அந்தச் செலவு எங்கே போகிறது என்பதை ஆராயவில்லை. அதை வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தொட்டது.

உச்ச நீதிமன்றம் கண்ட பிரதிபலன்

1998 ஆகஸ்ட் 1-ஆம் தேதி இரவு தில்லியில் உள்ள தாஜ் மஹால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர், தம் மாருதி ஜென் காரின் சாவியை அங்குள்ள பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது கார் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட சீட்டில், வாகன உரிமையாளரின் சொந்தப் பொறுப்பிலேயே கார் நிறுத்தப்படுவதாக அச்சிடப்பட்டிருந்தது. இழப்பீட்டைக் கொடுத்துவிட்ட காப்பீட்டு நிறுவனம் ஹோட்டல் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்த வழக்கில் 2019 நவம்பர் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாகனத்தை நிறுத்தித் தரும் சேவைக்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை என்பதால் பொறுப்பு இல்லை என்ற வாதம் எடுபடவில்லை. அறை வாடகை, உணவு, கேளிக்கைக் கூடங்களின் நுழைவுக் கட்டணம் ஆகியவற்றுக்கு வசூலிக்கப்படும் மிக உயர்ந்த விலையிலேயே இந்தச் சேவைக்கான பிரதிபலன் அடங்கியிருக்கிறது என்பதை நீதிபதிகள் மோகன் எம். சாந்தனகௌடர், அஜய் ரஸ்தோகி ஆகியோரைக் கொண்ட அமர்வு ஏற்றுக்கொண்டது. சீட்டில் அச்சிடப்பட்ட ஒரு வரியால், தன் பணியாளர்களின் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் தப்பிவிட முடியாது என்றும் கூறியது.

இத்தீர்ப்புக்கு ஓர் எல்லை உண்டு. சாவியை ஒப்படைத்து, வாகனத்தை மற்றவர் பொறுப்பில் விடும்போதுதான் அது முழுமையாகப் பொருந்தும். வணிக வளாகத்தின் அடித்தளத்தில் உரிமையாளரே வண்டியை நிறுத்திச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டால், அது வெறும் இட அனுமதியாகக் கருதப்பட வாய்ப்பிருக்கிறது. அப்போது பாதுகாப்பும் குறைகிறது. ஆயினும், 'இலவசம்' என்று சொல்லப்படும் சேவையின் விலை வேறு பொருளின் விலையில் ஒளிந்திருக்கும் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே பதிவு செய்துவிட்டது.

சொல்லில் உள்ள கேடயம்

இந்தப் பதிவு ஏன் முக்கியம் என்பதற்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், கட்டணமின்றி அளிக்கப்படும் சேவையைச் 'சேவை' என்ற வரையறையிலிருந்தே விலக்குகிறது. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விலக்கு இருந்தது. ஆகவே, 'இலவசம்' என்ற சொல் வாடிக்கையாளரை ஈர்க்கும் விளம்பரமாக மட்டுமன்றி, வழக்கு வந்தால் நிர்வாகத்தைக் காக்கும் கேடயமாகவும் பயன்படக்கூடும். கட்டணம் வாங்கினால் ரசீது இருக்கும்; அதில் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கும்; சேவை அளிக்கப்பட்டதற்கான ஆதாரமும் இருக்கும். இலவசம் என்றால் இவற்றில் எதுவும் இல்லை.

இந்தக் கேடயத்தை நீதிமன்றம் துளைத்தது இது முதல் முறையல்ல. 1995-ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்க வழக்கில், சில நோயாளிகளிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு வேறு சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையில், இலவசச் சிகிச்சை பெறுபவரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலவசச் சிகிச்சைக்கான செலவைக் கட்டணம் செலுத்துவோரே ஈடுகட்டுகிறார்கள் என்பதே அதற்கான அடிப்படை. கடைக்கும் இதே தர்க்கம் பொருந்தும். ரசீதைக் காட்டிய பிறகே விலக்கு என்ற நிபந்தனை, கொள்முதலுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கடையே எழுதிக் கொடுத்த சாட்சியம் ஆகிறது.

கணக்கு தீர்க்கப்படும் இடம்

வணிக வளாகத்தில் ரசீதைக் கொடுப்பவர் ஒருவர். நிறுத்துமிடத்தை நடத்துபவர் மற்றொருவர். காலணிக் கடையில் வாங்கிய பொருளுக்கான பணம் அந்தக் கடைக்குப் போகிறது. அதற்காகக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பது வளாக நிர்வாகம். இந்த விட்டுக்கொடுத்தல் அறச்செயலன்று. வளாகத்தில் கடை எடுப்போர் வாடகையுடன் பொதுப் பராமரிப்புக் கட்டணத்தையும் சதுர அடிக் கணக்கில் செலுத்துகின்றனர். பல ஒப்பந்தங்களில் விற்பனையில் ஒரு பங்கும் வாடகையாகப் போகிறது. நிறுத்துமிடத்தின் விளக்கு, காற்றோட்டம், காவலாளி, கேமரா, காப்பீடு, சொத்து வரி என எல்லாச் செலவும் இந்த வழிகளில் கடைக்காரரை அடைந்து, அவர் வழியாகப் பொருளின் விலையை அடைகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சோப்பும் பற்பசையும் பிஸ்கட்டும் எங்கு வாங்கினாலும் அச்சிடப்பட்ட அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் விற்கப்படக் கூடாது. பெரிய கடைகள் அதிலும் தள்ளுபடி தருகின்றன. அப்படியிருக்க, வாகன நிறுத்தச் செலவு விலையில் எப்படி ஏறும் என்று வணிகர்கள் கேட்கின்றனர்.

நியாயமான கேள்வியே. ஆனால், அதிகபட்ச விலை என்பது மேல் வரம்பு. அதற்குக் கீழே எவ்வளவு குறைத்து விற்பது என்பதைத் தீர்மானிப்பது கடையின் செலவுதான். வாகன நிறுத்தச் செலவு இல்லாவிட்டால் தள்ளுபடி இன்னும் சற்று அதிகமாக இருந்திருக்கலாம். மேலும், ஆயத்த ஆடை, தங்கள் சொந்த முத்திரையில் விற்கும் மளிகை, சமைத்த உணவு, திரையரங்கின் சோளப்பொரி ஆகியவற்றில் விலையை நிர்ணயிப்பவர் கடைக்காரரே. அங்கே எல்லாச் செலவுக்கும் இடமுண்டு.

இந்த விலையைக் கொடுப்பவர் அனைவரும் வாகனத்தில் வருபவர்கள் அல்லர் என்பதே இதில் உள்ள அநீதி. மெட்ரோ ரயிலில் வந்தவரும், பேருந்தில் வந்தவரும், பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்தவரும் அதே சட்டைக்கு அதே விலையைக் கொடுக்கிறார்கள். கார் நிறுத்தியவருக்குக் கிடைத்த 'இலவசம்' அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதன் செலவில் ஒரு பங்கு மட்டும் அவர்கள் மீதும் விழுந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கார் வைத்திருந்த குடும்பங்கள் 4.7 சதவீதம். 2019-21 தேசிய குடும்ப சுகாதார ஆய்வில் அது சுமார் 8 சதவீதம். இரு சக்கர வாகனம் வைத்திருப்போர் ஏறத்தாழ பாதி. வணிக வளாகங்களுக்கு வருவோரிடையே கார் வைத்திருப்போரின் பங்கு இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனாலும், அங்கு நுழையும் அனைவரும் காரில் வருவதில்லை.

பொருளாதாரத்தில் இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்து 2025-இல் காலமான டொனால்டு ஷூப், 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்' என்ற நூலில் இதையே விரிவாக நிறுவினார். ஓட்டுநராக இருக்கும்போது கொடுக்காத விலையை நுகர்வோராகவும் வாடகைதாரராகவும் வரி செலுத்துபவராகவும் எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள் என்பது அவரது வாதத்தின் சாரம்.

ஒரு காருக்கு 32 சதுர மீட்டர்

நிலத்தின் கணக்கு பணத்தின் கணக்கைவிடத் தெளிவானது. 2007 பிப்ரவரியில் அறிவிக்கை செய்யப்பட்ட தில்லி முதன்மைத் திட்டம்-2021, மாவட்ட வணிக மையங்களில் ஒவ்வொரு 100 சதுர மீட்டர் கட்டடப் பரப்புக்கும் 3 கார்களுக்கான இடம் ஒதுக்க வேண்டும் என்று வகுத்தது. ஒரு காருக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டர், தரைத்தளத்தில் 28 சதுர மீட்டர், அடித்தளத்தில் 32 சதுர மீட்டர் என்பது அத்திட்டத்தின் அளவுகோல். வண்டி வந்துபோகும் பாதையும் இதில் அடங்கும்.

பெருக்கிப் பார்த்தால், 100 சதுர மீட்டர் கடைக்கு அடித்தளத்தில் 96 சதுர மீட்டர் வாகனங்களுக்குப் போகிறது. விற்பனைக்கு எவ்வளவு இடமோ, ஏறத்தாழ அவ்வளவு இடம் நிற்கும் கார்களுக்கும் தேவைப்படுகிறது. 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரின் வீட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட உள்பரப்பு 30 சதுர மீட்டர் வரை. ஏழைக் குடும்பத்தின் வீட்டைவிட, கடைக்கு வரும் காருக்கு விதிகள் ஒதுக்கும் இடம் பெரிது.

இந்த இடத்தை வளாகம் தன் கொடையாகவும் அளிப்பதில்லை. நிறுத்துமிடமாகப் பயன்படும் அடித்தளம், அனுமதிக்கப்பட்ட கட்டடப் பரப்பில் சேர்க்கப்படுவதில்லை. அதாவது, வாகனங்களுக்கு இடம் விட்டதற்காக விற்பனைப் பரப்பு குறைவதில்லை. இந்தச் சலுகையைக் காட்டியே, நிறுத்துமிடத்தைத் தனி வருவாய் ஆக்கக் கூடாது என்று நுகர்வோர் தரப்பு வாதிடுகிறது. விதிகளின்படி ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடத்துக்குப் பொதுத்தன்மை உண்டு என்பதற்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் துணைக்குக் கொள்ளலாம். அது குடியிருப்புகள் தொடர்பானது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வளாகங்களின் நியாயம்

வளாக உரிமையாளர்களின் தரப்பிலும் உண்மை இருக்கிறது. முற்றிலும் இலவசம் என்று அறிவித்தால், அருகிலுள்ள அலுவலகங்களுக்குச் செல்வோரும் மெட்ரோ ரயிலில் பயணம் செய்வோரும் காலையில் வண்டியை விட்டுவிட்டு மாலையில் எடுத்துச் செல்வர். வாடிக்கையாளருக்கு இடம் கிடைக்காது. சாலையில் காத்திருக்கும் வாகனங்களின் வரிசை நீளும். ரசீது நிபந்தனையும் நேர வரம்பும் இதைத் தடுக்கவே என்பது அவர்களின் விளக்கம். பற்றாக்குறையான ஒன்றைப் பங்கிட ஏதேனும் ஒரு முறை வேண்டும் என்பதை மறுக்க முடியாது.

ஆனால், இந்த விளக்கத்தை ஏற்கும்போது இலவசம் என்ற சொல் தானாகவே விழுந்துவிடுகிறது. பற்றாக்குறையான இடத்துக்கு விலை உண்டு. அதைப் பணமாகக் கொடுப்பதா, கொள்முதலாகக் கொடுப்பதா என்பதே வாடிக்கையாளருக்கு அளிக்கப்படும் தெரிவு. அப்படியானால் அதை அப்படியே சொல்லிவிடலாம். 'கட்டணம் 40 ரூபாய். 500 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் தள்ளுபடி' என்ற பலகையில் பொய் இல்லை.

தெருவே நிறுத்துமிடமானால்

வளாகங்களாவது தங்கள் நிலத்தில் இடம் தருகின்றன. பழைய கடைவீதிகளில் நிலைமை வேறு. பெரிய துணிக்கடைகளும் நகைக்கடைகளும் சீருடைக் காவலாளியை நிறுத்தி, கடைக்கு முன்னுள்ள சாலையோரத்தையும் நடைபாதையையும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கென ஒதுக்கிக்கொள்வது நாடெங்கும் காணக்கூடியது. இங்கே 'இலவச வாகன நிறுத்தம்' என்று அளிக்கப்படுவது பொதுச் சொத்து. அளிப்பவர் அதன் உரிமையாளர் அல்லர். விலை கொடுப்பவர் நடைபாதையை இழந்த பாதசாரி. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி சான்றிதழும் கட்டணமும் தேவைப்படும் அதே தெருவில், கார் ஒன்று எந்தச் சான்றும் இன்றி மணிக்கணக்கில் நிற்கிறது.

மாற்று முயற்சிகள் நடந்திருக்கின்றன. தில்லி கரோல் பாகில் அஜ்மல் கான் சாலை 2019-ஆம் ஆண்டு பாதசாரிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னை பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2021-இல் சாந்தினி சௌக்கின் முதன்மைச் சாலை புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. கடை வாசலில் கார் நிற்காவிட்டால் வணிகம் படுத்துவிடும் என்ற அச்சம் இத்தகைய திட்டங்களின்போது வணிகர்களிடையே எழுவது வழக்கம். கடைவீதிக்கு வருவோரில் பலர் நடந்தும் பொதுப் போக்குவரத்திலும் வருகிறார்கள் என்பதை அந்த அச்சம் கணக்கில் கொள்வதில்லை.

தில்லியின் இரு குரல்கள்

மத்திய அரசின் கொள்கையிலும் முரண்பாடு இருக்கிறது. நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனம் ஆக்கிரமிக்கும் நிலத்தின் உண்மையான மதிப்பைப் பிரதிபலிக்கும் அளவுக்கு உயர்ந்த நிறுத்தக் கட்டணம் விதித்து, பொதுப் போக்குவரத்தின்பால் மக்களை ஈர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தலைநகரில் காற்று மாசு உச்சத்தை எட்டும் காலங்களில் மேற்கொள்ளப்படும் படிப்படியான நடவடிக்கைகளிலும், தனியார் வாகனப் பயன்பாட்டைக் குறைக்க நிறுத்தக் கட்டணத்தை உயர்த்துவது இடம்பெற்றிருக்கிறது. அதே வேளையில், கட்டட விதிகள் மேலும் மேலும் வாகன நிறுத்துமிடம் கட்டச் சொல்கின்றன. ஒரு கை வாகனங்களை விரட்ட, மறு கை அழைக்கிறது.

நுகர்வோர் உரிமை பேசுவோர் கட்டணமே கூடாது என்கின்றனர். போக்குவரத்து வல்லுநர்கள் கட்டணம் வேண்டும் என்கின்றனர். இரு தரப்பும் மோதிக்கொள்வதாகத் தோன்றினாலும், விலையை மறைக்கக் கூடாது என்ற ஓரிடத்தில் இருவரும் சந்திக்க முடியும்.

அதற்கான சட்டக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9-ஆம் தேதி வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிமுறைகளில், 'இலவசம்' என்ற சொல்லுக்கென்றே தனிப் பிரிவு உள்ளது. பொருளைப் பெற்றுக்கொள்வதற்கான தவிர்க்க முடியாத செலவு தவிர வேறு எதையேனும் நுகர்வோர் செலுத்த வேண்டியிருந்தால் அதை இலவசம் என்று விளம்பரம் செய்யக் கூடாது. இலவசத்தைப் பெற நுகர்வோர் ஏற்க வேண்டிய கடப்பாடு என்ன என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மொத்த விலையில் அடங்கிய ஒரு பகுதியை இலவசம் என்று காட்டக் கூடாது என அது கூறுகிறது. கடை வாசலில் தொங்கும் பலகைகளை இந்த நெறிமுறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எத்தனை பலகைகள் தேறும் என்பது ஐயமே.

செய்யக் கூடியவை

முதலாவதாக, நிபந்தனைகள் முழுவதும் நுழைவாயிலிலேயே, மாநில மொழியில், படிக்கக்கூடிய அளவில் எழுதப்பட வேண்டும். தற்போது பல இடங்களில் வெளியேறும் வாயிலில்தான் வாடிக்கையாளருக்கு அவை தெரியவருகின்றன. அப்போது திரும்பிச் செல்ல வழியில்லை.

இரண்டாவதாக, நிர்வாகம் பொறுப்பல்ல என்ற ஒரு வரியைச் சீட்டில் அச்சிட்டுக் கைகழுவும் வழக்கத்துக்கு மாநில விதிகள் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். விலை ஏதோ ஒரு வடிவில் பெறப்படுகிறது என்று ஏற்றுக்கொண்ட பிறகு, குறைந்தபட்சக் கவனம் செலுத்தும் கடமையும் ஏற்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, வாகனத்தில் வருபவருக்குத் தள்ளுபடி உண்டென்றால், பேருந்து அல்லது மெட்ரோ பயணச்சீட்டைக் காட்டுபவருக்கும் அதே மதிப்புள்ள தள்ளுபடி தருவதே நேர்மை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1992-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், ஊழியர்களின் வாகன நிறுத்தச் செலவை ஏற்கும் குறிப்பிட்ட நிறுவனங்கள், அதை வேண்டாம் என்போருக்கு அதற்கு ஈடான தொகையைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. கடைக்கும் அதே கோட்பாட்டை விரிவுபடுத்துவதில் தடையில்லை.

நான்காவதாக, குறைந்தபட்சம் இத்தனை கார்களுக்கு இடம் விட வேண்டும் என்ற விதியையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். மெக்சிகோ நகரம் 2017-இல் குறைந்தபட்ச வரம்பை நீக்கி அதிகபட்ச வரம்பைக் கொண்டுவந்தது. மெட்ரோ நிலைய வாசலிலேயே எழும் வணிக வளாகத்துக்கும், பேருந்தே போகாத புறநகர் வளாகத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

இவை நடைமுறைக்கு வரும்வரை நுகர்வோர் செய்யக்கூடியதும் உண்டு. நுழைவுச் சீட்டையும் கொள்முதல் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். நிபந்தனைப் பலகையைப் படம் எடுத்து வைக்கலாம். நிபந்தனைக்கு மாறாகக் கட்டணம் கேட்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் தெரிவிக்கலாம். கொடுக்கப்பட்ட விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால், மாவட்ட ஆணையத்தில் மனு தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. அங்கே எதிர்த்தரப்பு 'அது இலவசச் சேவை' என்று வாதிடுமானால், 2019 நவம்பர் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். சாவியை ஒப்படைத்தவர்களுக்கு அது நேரடியாகத் துணை நிற்கும். தாமே வண்டியை நிறுத்தியவர்களுக்கு, முத்திரையிடப்பட்ட ரசீதுதான் முதல் ஆதாரம்.